மேல் சத்தம்

குக்கரில் விசில் வரவில்லை. மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டு வெளியேற, பருப்பு நுரை வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். முந்தின நாள் கழுவி மேடைமேல் வைத்தது என் கைதான். ரப்பர் வளையத்துக்குக் கால் முளைத்திருக்காது. நான் யோசிக்கக்கூட இல்லை, நேரே கூடத்துக்குப் போய் ஆம்ப்ளிஃபயரை ஒரு பக்கமாகத் தூக்கினேன். அதன் அடியில், கிரானைட் பலகைமேல், என் வளையம் வட்டமாகப் படுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் துவரம்பருப்பு வாடை. தூக்கின ஆட்டத்தில் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டையிலிருந்து ஒரு கரப்பான் இறங்கி, ஒயர்மேலேயே நடந்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் போனது. அவசரமே இல்லை அதற்கு. வாடகை கொடுத்துக் குடியிருப்பதைப் போலப் போனது.

எங்கள் கூடத்தைப் பார்த்தால் நீங்கள் உட்கார மாட்டீர்கள். ஒரு சுவர் முழுக்க முட்டைக் கடையில் சும்மா வாங்கிவந்த அட்டை. எதிரொலியை அது விழுங்கிவிடுமாம். விழுங்கியதோ இல்லையோ, குழிக்குக் குழி காய்ந்த மஞ்சள் கருவும் கோழி எச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்து சுவரில் ஓதம் ஏறினால் அங்கே உட்கார்ந்து சோறு இறங்காது. ஸ்பீக்கர் ஒயர் தரையைத் தொடக்கூடாது என்று என் டீ கிளாஸ்களை வரிசையாகக் கவிழ்த்து அவற்றின் முதுகில் ஒயர் போகிறது. பிளக்கின் பித்தளைக் கால்களுக்கு வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பு. குத்துவிளக்குக்குக்கூட நான் அவ்வளவு புளி செலவழித்ததில்லை. ஜன்னலில் திரைக்குப் பதிலாக ஜமுக்காளம், ஆணி அடித்து. காற்று வராமல் வியர்வையும் புளியும் முட்டையும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், சீ. இத்தனையும் பாட்டு நன்றாகக் கேட்பதற்காக.

இதைச் செய்கிறவர் என் வீட்டுக்காரர் டில்லிபாபு. அத்தை மகன் என்பதால் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் மாமாதான், பின்னாலும் மாமாதான். ஒரகடத்தில், கார்களுக்குக் கதவும் பானெட்டும் தகட்டிலிருந்து அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். காலையில் என் கம்பெனி பஸ் முதலில் வந்துவிடும். அதனால் எங்கள் பெண் சுகப்பிரியாவைப் பைக்கில் வைத்து ஒரகடத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவது அவர்தான். சுகா இரண்டாங் கிளாஸ் படிக்கிறாள்.

இந்த செட் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கம்பெனியில் இருந்த ஒரு ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அவருக்குக் கார் ஓட்டினவர் மூலமாக எங்களிடம் வந்தது. கனமான ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. பெட்டியில் கீழே பெரிய வட்டம், மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சின்ன வட்டம். முதல் நாள் பாட்டுப் போட்டபோது நானும் தரையில் உட்கார்ந்து கேட்டேன். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்டது. பின்னால் யாரோ ஜால்ரா தட்டுவது, தட்டிய பிறகு அது தேய்ந்து தேய்ந்து அடங்குவது வரைக்கும் கேட்டது. மாமா ஒரு விரலைத் தூக்கி, அது அடங்கும் வரைக்கும் விரலை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லவில்லை, அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாள் முழுக்க இரும்பு அடித்துவிட்டு வருகிற மனுஷனுக்கு இப்படி ஒரு காதா என்று பெருமைப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள், மேல் சத்தம் வரவில்லை என்றார். போர்வை போத்தின மாதிரி கேட்கிறது என்றார். ஜால்ரா, சலங்கை, புல்லாங்குழலின் உச்சி இதெல்லாம்தான் அவர் சொன்ன மேல் சத்தம். எனக்கு எல்லாமே கேட்டது, சுகாவுக்கும் கேட்டது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் கூடத்தைத்தான் நிமிர்த்த ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தார்கள் என்று பன்மையில் சொன்னது, தமிழ்வாணனையும் சேர்த்து. மாமாவோடு அதே பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர், செல்போனில் வெள்ளைக்காரன் பேசும் வீடியோவெல்லாம் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் செய்துபார்ப்பவர். பத்துப் பைசா செலவில்லாமல் பத்தாயிரத்துக்கான சத்தம் என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். முட்டை அட்டை அவர் யோசனை, புளியும் அவர் யோசனை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் குரல் முன்னால் வரும் என்றார். ஸ்பீக்கர் ஒயரை மூன்று புரியாகப் பின்னினால் இரைச்சல் ஏறாது என்றார். சுகாவுக்கு ஜடை போட்டுப் பழகின கை என்பதால் மாமா அதைப் பிசகாமல் பின்னினார். எங்கள் கம்பெனியிலிருந்து நல்ல செம்பு ஒயராகக் கொண்டுவர முடியுமா என்று என்னிடமே கேட்டார்கள். கம்பெனி கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துதான் வெளியே விடுவார்கள் என்று சொன்னபோதும், முடிக்குள் வைத்துக் கொண்டுவரலாமே என்றார் தமிழ்வாணன். என் முடி அவருக்கு ஒயர்ப் பெட்டி. ஒவ்வொன்றையும் செய்ததும் இரண்டு நாள் மாமாவின் முகம் தெளிவாக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடியும் போர்வை. சத்தத்தைக் கூட்டுவார். எதிர்வீட்டுக் கிளியம்மாள், உங்க வூட்டுப் பாட்டுல எங்க வூட்டுப் பாத்திரம் ஆடுது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வந்தால் அணைத்துவிடு மாமா என்று சொல்லிக் குளிக்கப் போனால், வரும்போது சோறு தீய்ந்திருக்கும். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். சுகா பேசினால் இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை சும்மா சிரித்துவிடுவார்.

காது எப்படிப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். பிரஸ் ஷாப்பில் வாராவாரம் இயர் பிளக் கொடுப்பார்கள். மஞ்சளாக, பஞ்சு மாதிரி, விரலில் உருட்டிக் காதில் செருகினால் உள்ளே போய் ஊதிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள், காதில் வைக்க மாட்டார்கள். பிரஸ் இறங்கும் சத்தத்தை வைத்தே தகடு கிழிகிறதா, அச்சு விலகியிருக்கிறதா என்று சொல்லுகிறவன்தான் அங்கே ஆபரேட்டர். காதை அடைத்துக்கொண்டு நிற்பவன் நேற்று வந்த டிரெய்னி. சீனியர் ஒருவன் பிளக் வைத்தால், இன்னாடா காதுல பூ வச்சிகினு வந்துக்கீற என்று லைனே சிரிக்குமாம். ஆடிட் வரும் நாளில் மட்டும் எல்லார் காதிலும் மஞ்சள் தெரியும். மற்ற நாளில் பிளக் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் நாற்காலிக் காலுக்கு அதுதான், எறும்புப் பொந்துக்கு அதுதான், கதவு டப்பென்று அடிக்காமல் இருக்க அதுதான். சுகாவின் பொம்மைகளுக்கு மூக்கும் அதுதான். காதைத் தவிர எல்லா ஓட்டையிலும் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதிக்க கம்பெனிக்கு வேன் வரும். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பட்டனை அழுத்தும் பெண்ணின் கை கண்ணாடிக்குள் தெரியுமாம், அது அசைந்தால் தூக்கு என்று வரிசையில் முன்னால் போனவன் பின்னால் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அத்தனை பேரும் பாஸ். இதை மாமா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன் அப்போது.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய்விட்டு, ஒரகடத்தில் துணி எடுக்க மூன்று பேரும் பைக்கில் போனோம். சுகா நடுவில், நான் கடைசியில். வாலாஜாபாத் ரோட்டில் ஏறினதும் பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. சுகாவின் கை எழுந்து மாமாவின் வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டியது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். கார் போனது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் கீச்சென்று ஹார்ன் அடித்துக்கொண்டு நுழைந்தது. சுகா இடது தோளில் தட்டினாள், அவர் அந்தப் பக்கம் ஒடிக்காமல் நேராகப் போனார். மொத்தமாகக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரி வந்தபோது மட்டும் அவருக்கே கேட்டது. நான் பின்னால் உட்கார்ந்து அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைவாசலில் இறங்கி, இன்னாடி அது தட்டிகினே வந்த என்று கேட்டேன்.

“அப்பாக்கு நான்தான்மா ஹார்ன் சொல்லுவேன். தெனமும் ஸ்கூலுக்குப் போம்போது சொல்லுவேன். தூங்காம வந்தா சாக்லேட்டு.”

துணி எடுக்கவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஏழு வயசுப் பிள்ளையின் கையில் தன் காதைக் கொடுத்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தினமும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். என்றைக்காவது அந்தப் பிள்ளை அசந்து தூங்கினால்? காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் போகலாம் என்றேன். ஹெல்மெட் போட்டால் யாருக்குத்தான் கேட்கும் என்றார். காற்று என்றார். அவள் விளையாடுகிறாள், நீ அதைப் பெரிசாக்குகிறாய் என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது கம்பெனிக்குப் போகும், பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள், அட்டைப் பெட்டி மடிக்கச் சொல்கிறாயா என்றார். கடைசியில் ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, கோளாறு எனக்கு இல்லடி, இதுல கீது, நானே சரி பண்ணிக் காட்றேன் என்றார். செவிடன் காதில் சங்கு என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். பள்ளிக்கூட வேன் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. நான் என் லைனில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் கிடைக்கவில்லை. சுகா தினமும் தட்டிக்கொண்டுதான் போனாள். என் பஸ்ஸில் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்திருப்பார்களா என்று நினைத்து நினைத்து எனக்குக் காலையில் இட்லி இறங்குவதே நின்றுபோனது.

குக்கர் வளையம் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கறி வாங்கிக்கொண்டு வந்தவரின் முகத்துக்கு நேரே வளையத்தை நீட்டினேன். அதிர்வு கீழே இறங்காமல் இருக்கத் தற்காலிகமாக வைத்தாராம், இன்றைக்குத் தமிழ்வாணன் வேறு ஒன்று கொண்டுவருகிறானாம். பைத்தியக்காரிக்குச் சமாதானம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார். நான் வளையத்தை வெந்நீரில் போட்டுக் கழுவினேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கரப்பான் ஞாபகம் போகவில்லை.

மத்தியானம் தமிழ்வாணன் வந்தார், கூட நாகப்பனும் இன்னொருவரும். எல்லாரும் ஒரே பிரஸ் ஷாப். கொண்டுவந்த வேறு ஒன்று என்ன தெரியுமா? பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து எடுத்து என் கூடத்துத் தரையில் கொட்டினார்கள். மஞ்சள் மஞ்சளாக இயர் பிளக். பிரிக்காத கவரோடு, உள்ளே படம் போட்டுக் காதில் எப்படிச் செருகுவது என்று சொல்லும் காகிதத்தோடு. வெளிநாட்டில் இந்த மாதிரிப் பஞ்சை ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைக்கக் காசு கொடுத்து வாங்குகிறார்களாம், நம்மிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று தமிழ்வாணன் சிரித்தார். நாலு பேருடைய காதும் என் தரையில் கொட்டிக் கிடந்தது, அவர்கள் அதைப் பொறுக்கிப் பொறுக்கி வரிசை வைத்தார்கள்.

அதோடு விட்டார்களா? ஸ்பீக்கருக்குப் பின்னால், பெரிய வட்டத்தையும் சின்ன வட்டத்தையும் இணைக்கும் தகட்டுத் துண்டு பெட்டிக்கு இரண்டு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பின்னின ஒயரைப் போட வேண்டும் என்று தமிழ்வாணன் இரண்டு பெட்டியிலும் கழற்றினார். அதற்குள் நாகப்பன், ஒண்ணு ஒண்ணா பார்க்கணும்பா, மொதல்ல பிளக்கு வச்சிக் கேப்போம் என்றார். சரி என்று ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி இயர் பிளக்குகளின் மேல் உட்கார வைத்தார்கள். மாமா பாட்டைப் போட்டார்.

நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அது அந்த முதல் நாள் பாட்டு, ஜால்ரா அடங்கும் வரைக்கும் மாமா விரலைத் தூக்கிக்கொண்டிருந்த பாட்டு. அதில் ஜால்ராவே இல்லை. பாடுகிறவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடினாள். கூடத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த சுகா எழுந்து என்னிடம் ஓடிவந்து, “அம்மா, ஜிங் ஜிங் காணோம்” என்றாள்.

டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நாலு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நாகப்பன் தொடையில் தாளம் போட்டார். இடது பக்கத்துப் பெட்டியின் தலைமேல், கழற்றின தகட்டுத் துண்டுகள் நாலும் பளபளவென்று கிடந்தன. யாரும் அதைத் திருப்பி மாட்டவில்லை. தகடு இல்லாமல், மேல் சத்தம் தரும் சின்ன வட்டம் இரண்டும் செத்துக் கிடந்தன.

“தெறந்துக்கிச்சுபா,” என்றார் தமிழ்வாணன், கண்ணைத் திறக்காமல். “மேல சும்மா காத்தாட்டம் போது பாரு.”

ஆமாம் என்றார் நாகப்பன். இன்னொருவர், போன வாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். மாமா அந்தப் பழைய மாதிரியே விரலைத் தூக்கினார், வராத ஜால்ராவுக்கு. சரியான இடத்தில் தூக்கி, அது அடங்கியிருக்க வேண்டிய இடத்தில் இறக்கினார். பாட்டு அவருக்கு மனப்பாடம். சுகா மறுபடியும், ஜிங் ஜிங் காணோம்பா என்றாள். கொயந்தைக்கு இன்னா தெரியும் என்று தமிழ்வாணன் அவள் கன்னத்தைத் தட்டினார்.

டீயைக் கொடுத்துவிட்டு நின்றேன். அந்த நாலு முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. சாப்பிட்ட கறியின் எண்ணெய் உதட்டில் மினுங்க, இல்லாத சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டு, ஒருவன் சொன்னதையே மற்றவனும் சொல்லிக்கொண்டு. கம்பெனிமேல் அருவருப்பு, வேனைக் கொண்டுவந்து பாஸ் போட்டுவிட்டுப் போகிறவர்கள்மேல் அருவருப்பு. ஆனால் அவர்களைத் திட்டி என்ன, பிளக்கைப் பாக்கெட்டில் போட்டது இந்தக் கைகள்தானே. அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பின பிறகுதான் எனக்கு வேறு ஒன்று தோன்றியது, இவர்களுடைய தோளில் தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று.

சாயங்காலம் மாமாவை ஸ்பீக்கருக்கு எதிரே உட்காரச் சொன்னேன். சுகா அவர் மடியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பெட்டிக்குப் பின்னால் போனேன். முட்டை அட்டை என் தோளில் உரசியது. ஒயர் வேலை எனக்குப் பழக்கம், திருகைத் தளர்த்தித் தகட்டைச் செருகவும் எடுக்கவும் ஒரு நொடி ஆகாது. விஷயத்தைச் சொன்னேன். தகட்டை மாட்டாமலே நாலு பேரும் மேல் சத்தம் கேட்டீர்கள் என்றேன். அவர் முகம் கறுத்தது. இப்போது ஒரு பெட்டியை மட்டும் ஓடவிட்டு மாட்டுவேன், எடுப்பேன், எப்போது இருக்கிறது எப்போது இல்லை என்று நீயே சொல்லு மாமா என்றேன்.

மாட்டினேன். இருக்குது என்றார். எடுத்தேன். இல்லை என்றார். மறுபடி எடுத்தபடியே விட்டேன். இல்லைதான் என்றார். மாட்டினேன், இருக்குது என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவேளை நான்தான் தப்போ, ஹெல்மெட்தானோ, காற்றுதானோ என்று முருகனை நினைத்துக்கொண்டே பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மடியில் சாய்ந்திருந்த சுகாவின் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜால்ரா வந்தால் அவள் கண் விரியும், போனால் உதடு பிதுங்கும். காது சோதிக்கும் வேனுக்குள் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்த மாதிரி, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகாவை எழுப்பி வாசலுக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். மறுபடியும் மாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து, பெட்டிக்குள் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் வரும் மெல்லிய இரைச்சல் மட்டும் எனக்குக் கேட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்பார், அழுவார், என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“தமிழுகிட்ட சொல்லாத எழிலு,” என்றார் கடைசியில்.

அவ்வளவுதான் அந்த மனுஷனுக்குத் தோன்றியது. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி அடியிலிருந்த இயர் பிளக்குகளை வழித்துத் தரையில் தள்ளினேன். தட்டையாக நசுங்கிப்போயிருந்தவை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, உருண்டையாகி, பழைய வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“தமிழுகிட்ட நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? உன் காது போனா உன்னோட போவட்டும் மாமா. அவ கைய நீ உன் காதாக்கிக்கினு ரோட்டுக்குப் போவாத. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.”

நான் பார்த்துதான் ஓட்டுகிறேன் என்றார். கண் நல்லாதானே இருக்குது என்றார். அப்புறம் எழுந்துபோய்ப் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். கதவைத் திறந்து உள்ளே வந்த சுகா, தரையில் கிடந்த பிளக்கில் நல்லதாக இரண்டு பொறுக்கிக்கொண்டு போனாள், பொம்மைக்கு.

திங்கட்கிழமை காலையில் என் பஸ்ஸுக்கு நான் போகவில்லை. லைன் லீடருக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பைக்கைத் தெருவில் இறக்கினார். சுகா பையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் அவளை இறக்கவில்லை. ஏனென்று கேட்டால், அவரே இறக்குவாரா என்று பார்க்க நினைத்தேன் என்றுதான் சொல்ல முடியும். பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஹெல்மெட் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை. காற்றும் இல்லை.

எங்களுக்குப் பின்னால், தெருமுனையிலிருந்து, தண்ணீர் கேன் போடும் குட்டியானை வண்டி, திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. பீப் பீப் பீப் என்று அதன் பின்பக்கம் கத்தியது. கிளியம்மாள் வீட்டு நாய் எழுந்து ஒதுங்கியது. கிளியம்மாளே கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார். சுகாவின் கை எழுந்து அவருடைய தோளுக்குப் போனது.

அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

சுகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசாதே என்று கண்ணால் சொன்னேன். வண்டி இன்னும் கிளியம்மாள் வீட்டைத் தாண்டவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு நேரம் இருந்தது. பீப் பீப் என்று அது வந்துகொண்டே இருந்தது. அவர் முன்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு, சட்டை நுனியால் பைக்கின் வலது பக்கத்துக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். துடைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

கண்ணாடிக்குள் நீல நிறத்தில் கேன்கள் அடுக்கின வண்டியின் முதுகு பெரிசாகிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் நான் நின்றிருந்தேன், தட்டப் போன சுகாவின் கையைப் பாதி உயரத்தில் பிடித்துக்கொண்டு. அவருடைய கண் அந்தக் கையில் போய் நின்றது.